ஏழு மில்லிமீட்டர்

ஏப்ரல் 9

ஒரு சூட்கேஸ், ஒரு மடிக்கணினி, இரண்டு தலையணை. இவ்வளவுதான் கொண்டுவரலாம் என்று குடியிருப்போர் விதிகளில் இருக்கிறது. விதிகளை எழுதியவள் நான் என்பதால் மூன்றாவது தலையணையைக் காரிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

இன்றிலிருந்து நாற்பது நாள் அம்பத்தூர் இணைமனையில், எங்கள் கூட்டுக் குடியிருப்பில், இருக்கப்போகிறேன். நான் வரைந்த வீட்டில் நானே இருந்து பார்த்து, மே 19 அன்று ஆய்வுக் குழுவின் முன்னால் 'குடியிருக்கத் தகுதியானது' என்று கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் இதே அச்சில் முந்நூற்றுப் பன்னிரண்டு குடும்பங்களுக்கு வீடு. போடாவிட்டால் என்ன என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

இங்கே ஒவ்வோர் அறையும் தொழிற்சாலையில் முழுசாகச் செய்யப்பட்டு லாரியில் வரும். கிரேன் தூக்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும். போல்ட்டை முடுக்கினால் வீடு தயார். இடத்தைக் காலி செய்யச் சொன்னால் கழற்றி வேறு இடத்தில் அடுக்கிக்கொள்ளலாம். இந்த இருபத்துநான்கு அறைகளும் இரண்டு வருடம் மாதவரத்தில் நின்றவைதான். அங்கே குத்தகை முடிந்ததும் கழற்றி, புது வண்ணம் அடித்து, அறை எண்களை மாற்றி, ஜனவரியில் இங்கே அடுக்கினோம். 'ஓர் ஆணிகூட வீணாகவில்லை' என்று எங்கள் கையேட்டில் போட்டிருக்கிறோம்.

தாமோதரன் எனக்குக் கிழக்குப் பார்த்த அறையை ஒதுக்கியிருந்தார். அவர் என் தொழில் பங்குதாரர். பதினாறு வருடமாக என் வரைபடங்களுக்கு ஆள் பிடித்துக் கொடுப்பவர். நான் மூன்றாம் மாடியில் மேற்குப் பார்த்த அறைக்கு மாற்றிக்கொண்டேன். மேற்கில் காற்று நன்றாக வரும்.

ஏப்ரல் 11

இங்கே அறைக்குள் அலமாரி கிடையாது. அடுப்பு கிடையாது. எல்லாம் மாடிக்கு ஒரு பொது அடுக்களையில். அங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் பெயர் ஒட்டிய ஓர் அலமாரித் தட்டு உண்டு. டீத்தூள், சர்க்கரை, மருந்து மாத்திரை, கத்தரிக்கோல் எல்லாம் அதில்தான். அறைக்குள் எதையும் வைக்க இடம் இல்லாவிட்டால் மனிதர்கள் வெளியே வருவார்கள், வந்தால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள், பார்த்தால் பேசுவார்கள். என் யோசனை இது. இதற்காக எனக்கு ஒரு கேடயமும் பொன்னாடையும் கொடுத்திருக்கிறார்கள்.

இன்று தலைவலி மாத்திரைக்காக மூன்று தடவை நடந்தேன். இருபது அடிதான். கேடயம் கொடுத்தவர்களும் ஒருநாள் தலைவலியோடு நடந்து பார்க்கலாம்.

பக்கத்து அறை நூர்ஜஹான். ஏற்றுமதித் துணி ஆலையில் தையல் மேற்பார்வை. காலை எட்டுக்குப் போனால் மாலை ஆறரைக்குத்தான் வருவாள். இந்த வரிசையில் மற்ற எல்லோரும் அப்படித்தான். மதியத்தில் என் மாடியில் நான் ஒருத்திதான்.

கீழ்த்தளத்துப் பொதுச் சமையலைப் பார்த்துக்கொள்பவர் மணவாளன். ஐம்பது வயது இருக்கும். முன்பு மாநகரப் பேருந்து ஓட்டியவர். மாதவரத்திலும் குடியிருந்தவர். என்னைப் பார்த்ததும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "வாங்க மேடம், நம்ம வூட்டுக்கே வந்துட்டீங்களா" என்றார். அவரை எனக்கு முன்பே தெரியும். அதைப் பற்றி வேறொரு நாள் எழுதலாம்.

ஏப்ரல் 14

சித்திரை முதல் நாள். எல்லோருக்கும் விடுமுறை. மணவாளன் மாங்காய்ப் பச்சடியில் வேப்பம்பூவைத் தாராளமாகப் போட்டுவிட்டார். குழந்தைகள் முகத்தைச் சுளித்ததைப் பார்த்து நூர்ஜஹான் சிரித்துச் சிரித்துப் புரைக்கேறினாள். நாற்பது பேர் ஒரே கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டோம். நான் தாளில் வரைந்தது நடக்கிறதே என்று இன்னொரு கரண்டி பச்சடி வாங்கிக்கொண்டேன். சந்தோஷம்தான். அதை எழுதி வைக்கிறேன்.

ஏப்ரல் 18

மதியம் இரண்டு ஐம்பதுக்கு யாரோ கதவைத் தட்டினார்கள். மூன்று தட்டு. மெல்ல.

எழுந்துபோய்த் திறந்தேன். கதவு கொஞ்சம் இழுத்துத்தான் நகர்ந்தது. வெளியே நடையில் வெயில் மட்டும் இருந்தது.

ஏப்ரல் 19

மறுபடி. அதே நேரம்.

ஏப்ரல் 22

இரும்புச் சட்டம் வெயிலில் விரியும்போது சத்தம் போடும். முதலாம் ஆண்டு மாணவனுக்குக்கூடத் தெரியும். நான்கு நாளாக இதையே எனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் இன்று இன்னொன்று தோன்றியது. இந்த அறைகளின் சுவரில் வைக்கோல் பலகை, அதன்மேல் அலுமினியத் தாள், கதவைச் சுற்றிலும் தடித்த ரப்பர். பக்கத்து அறையில் கல்யாணம் நடந்தாலும் கேட்காது என்று நானே மேடையில் பேசியிருக்கிறேன். அலுமினியத் தாளால் உள்ளே போன் சிக்னல்கூட வராது. வெளியிலிருந்து கையால் தட்டினால் உள்ளே இருப்பவருக்குக் கேட்காது என்பதால்தான் ஒவ்வோர் அறைக்கும் அழைப்பு மணி வைத்தோம்.

அப்படியானால் தட்டும் சத்தம் எனக்கு எப்படிக் கேட்டது? வெளியிலிருந்து வந்திருக்க முடியாது.

மாலையில் துணி துவைத்தேன். மழைநீர்த் தொட்டியில் இரண்டடி தண்ணீர்தான் இருக்கிறது. மே மாதத்துக்குப் போதாது.

ஏப்ரல் 25

மணவாளன் ரசம். நன்றாக இருந்தது. எழுத வேறு எதுவும் இல்லை.

ஏப்ரல் 28

வெண்டைக்காய் நறுக்க உதவி செய்கிறேன் என்று நானாகப் போய் உட்கார்ந்தேன். எதற்குப் போனேன் என்று எனக்கே தெரியவில்லை. மணவாளன் தானாகப் பேச ஆரம்பித்தார்.

அவர் மனைவி அம்சவல்லி போன வருடக் கத்திரி வெயிலில், மாதவரத்தில், அறைக்குள் இறந்துபோனார். ஆஸ்துமா. அதெல்லாம் எனக்குத் தெரியும். தெரியாததைத்தான் இன்று சொன்னார்.

"அன்னிக்குக் காலைல சண்டை மேடம். இங்க எனக்கு மூச்சு முட்டுது, எங்க அண்ணன் வூட்டுக்குப் போயிடலாம்னா. எனக்கு இந்த எடம் புடிச்சிருந்துது. முட்டுனா முட்டட்டும்னு சொல்லிட்டு டூட்டிக்குப் போயிட்டேன்."

நான் வெண்டைக்காயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அவ மருந்து பொது அடுக்களைல, எங்க தட்டுல இருந்துது. அந்த வாயில வெச்சு இழுக்குறது. இருபது அடி நடந்தா கைக்கு வந்துரும். மனுஷி எந்திரிச்சுப் போயி எடுக்கலியே. சாயங்காலம் நா வந்து கதவ ஒத்த வெரல்ல தள்ளுனேன், தொறந்துக்கிச்சு. கதவுக்குப் பக்கத்துலயே கீழ உக்காந்திருந்தா. தாப்பாகூடப் போடல. முட்டட்டும்னு சொன்னீயே, பாரு, முட்டிட்டு உக்காந்திருக்கேன்னு சொல்ற மாதிரி."

"அப்படி இருக்காது" என்றேன்.

"வேற எப்டி மேடம் இருக்கும்? வெளிய வர மனசில்லாம உக்காந்துட்டா. எம்மேல கோவம். அதுக்கப்புறம் நா வண்டி ஓட்டல. ஸ்டியரிங்கப் புடிச்சா கை நடுங்குது. அவ படத்தக்கூட மாட்டல. கோவத்துல போனவ, நா மாட்டி என்னா, பூ வெச்சு என்னா."

அவ்வளவும் சொல்லிவிட்டு வெண்டைக்காய் பொடியாக இருக்கிறது, இன்னும் கொஞ்சம் பெரிதாக நறுக்குங்கள் என்றார். நான் பெரிதாக நறுக்கினேன்.

மே 1

எல்லோரும் வீட்டில். இன்று தட்டவில்லை.

இந்த நாட்குறிப்பை நான் ஒருத்திதான் படிக்கப்போகிறேன். இதிலும் மென்று விழுங்குவதில் அர்த்தமில்லை. எழுதுகிறேன்.

முதல் வரைபடத்தில் கதவுக்கும் அதன்மேல் சட்டத்துக்கும் நடுவே பன்னிரண்டு மில்லிமீட்டர் இடைவெளி விட்டிருந்தேன். ஸ்லைடிங் கதவு தாராளமாக ஓடும். ஆனால் அந்த இடைவெளி வழியாகக் குளிர்ச்சி வெளியே போகிறது, சத்தம் உள்ளே வருகிறது என்று பசுமைச் சான்றிதழில் இரண்டு புள்ளி குறைந்தது. நான் இடைவெளியை ஐந்தாக்கி, தடித்த ரப்பரைப் போட்டேன். இரண்டு புள்ளியும் கிடைத்தது. தாமோதரன் அலுவலகத்துக்கு அல்வா வாங்கி வந்தார்.

மாதவரத்தில் அம்சவல்லியிடமிருந்து குறைச் சீட்டு வந்தது. கீழே ஒரு பெட்டி இருக்கும், குடியிருப்போர் எழுதிப் போடலாம். 'மதியம் கதவு சிக்குகிறது.' நான் மறுநாள் காலை பத்து மணிக்குப் போய் இழுத்துப் பார்த்தேன். வழுக்கிக்கொண்டு ஓடியது. 'சரிபார்த்தேன், குறை இல்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். இரண்டாவது சீட்டுக்கும் அப்படியே. மூன்றாவதுக்கும் அப்படியே.

வெயில் ஏறுவதற்குள் சைட் வேலையை முடித்துவிடுவது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் வழக்கம். சென்னையில் எந்தப் பொறியாளரும் மதியம் மூன்று மணிக்குக் கட்டடத்தைப் பார்த்ததில்லை. பத்து மணிக்கு எல்லாக் கதவும் நல்ல கதவுதான்.

விசாரணையில் மூன்று சீட்டையும் கொடுத்தோம். மூன்று.

மே 4

கத்திரி தொடங்கிவிட்டது. காலை பத்துக்குத் தாமோதரன் வந்தார். கதவை இழுத்துப் பார்த்தார். ஓடியது.

"என்ன சுகிர்தா, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு. தூக்கமில்லையா?"

"மதியம் மூணு மணிக்கு வந்து பாருங்க."

"அந்த வெயில்ல எவன் வருவான்?" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அந்த விஷயம் முடிஞ்சு போச்சு. டாக்டர் சொல்லியாச்சு, போலீஸ் எழுதியாச்சு. நீ தோண்டாதே. முந்நூத்திப் பன்னெண்டு குடும்பம் ஓட்டு வீட்லயும் ரோட்டோரத்துலயும் உக்காந்துட்டு இருக்கு."

அவர் சொன்னது பொய்யில்லை. அதுதான் கஷ்டம்.

அவர் போன பிறகு மேல் சட்டத்தின் இடைவெளியை அளந்தேன். பதினொரு மணிக்கு ஐந்து. ஒரு மணிக்கு மூன்று. மூன்று மணிக்கு அளவுத் தகடு உள்ளே போகவில்லை. முழு பலத்தோடு இழுத்ததில் கதவு திறந்தது. திறந்துதான் வைத்திருந்தேன் மாலை வரை.

மே 8

இன்று ஒரு காரியம் செய்தேன். கதவின் உள்பக்கம், விளிம்போரமாக, என் இடுப்பு உயரத்தில் விரலால் தடவிப் பார்த்தேன். வண்ணத்துக்கு அடியில் மேடு பள்ளமாகத் தட்டுப்பட்டது. பேனாக்கத்தியால் சுரண்டினேன். புது நீலம் உரிந்தது. அடியில் பட்டி. அதற்கும் அடியில் கதவுத் தகட்டில் சின்னச் சின்னக் குழிகள். எவர்சில்வர் தம்ளரின் விளிம்பால் அடித்தது போலப் பிறை வடிவில். எண்ணினேன். நாற்பத்தாறு.

பட்டி பூசச் சொன்னது யார் என்று தேட வேண்டியதில்லை. அறைகளைக் கழற்றியபோது நவம்பரில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பழுதுப் பட்டியல் எழுதினேன். இந்த அறைக்கு எழுதியது நன்றாக நினைவிருக்கிறது. 'கதவு உள்பக்கம் கீறல். பட்டி வைத்து வண்ணம் அடிக்கவும்.' கீறல் என்று எழுதினேன்.

மேற்கில் காற்று நன்றாக வரும் என்று முதல் நாள் எழுதியிருக்கிறேன். மேற்கில் காற்றே இல்லை.

மே 12

எழுத்து கோணலாக வந்தால் வரட்டும்.

இரண்டே முக்காலுக்குக் கதவை மூடினேன். வேண்டுமென்றேதான். வெளியிலிருந்து தள்ள ஆள் இல்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை. கால் மணி நேரம் மூடி வைத்துப் பார்ப்போம் என்றுதான் நினைத்தேன். மூன்று மணிக்கு இழுத்தேன். நகரவில்லை. காலைச் சுவரில் முட்டுக்கொடுத்து இழுத்தேன். நகரவில்லை. போனில் ஒரு கோடுகூட இல்லை. சன்னல் பின்பக்கம் காலி மனையைப் பார்க்கிறது. அங்கே கருவேலமும் ஒரு நாயும்தான். கத்தினேன். நாய் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது.

எனக்கு ஆஸ்துமா கிடையாது. என்றாலும் அரை மணி நேரத்தில் மூச்சு மேல்மூச்சு வாங்கியது. பயம்தான். நான் நல்ல தைரியசாலி என்று என்னைப் பற்றி எனக்கு ஓர் எண்ணம் இருந்தது.

பிறகு தட்டினேன். உள்ளங்கையால், கதவின் விளிம்பில், யாருக்கும் கேட்காது என்று தெரிந்தே. இரண்டு தடவை தட்டிவிட்டுக் கையை எடுத்துவிட்டேன்.

மூன்றாவது தட்டும் கேட்டது. என் கைக்குக் கொஞ்சம் கீழே, இடுப்பு உயரத்தில்.

அதற்குப் பிறகு நான் தட்டவில்லை. ஆனால் அது நிற்கவில்லை. நான் கதவுக்குப் பக்கத்தில் கீழே உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. ஒரு கட்டத்தில், "நான் இருக்கேன், நான் இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அம்சவல்லியிடம் சொன்னேனா என்னிடமே சொன்னேனா, பிரித்துச் சொல்ல முடியாது.

ஆறு மணிக்குக் கதவை ஒரு விரலால் தள்ளினேன். திறந்துகொண்டது.

மே 13

மேற்கு வரிசைக்காரர்கள் எல்லோரிடமும், மதியத்தில் யார் வீட்டில் இருந்தாலும் கதவை மூடாதீர்கள் என்று சொல்லி, ஆளுக்கொரு மரக்கட்டை கொடுத்தேன், அண்டை கொடுக்க. நூர்ஜஹான், "அக்கா, நீங்க கட்டுன வூட்டுக்கு நீங்களே கட்டை குடுக்கிறீங்களா?" என்று கேலி செய்தாள். ஆமாம் என்றேன்.

மே 14

மணவாளனிடம் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஏறக்குறைய.

காலைச் சமையல் முடிந்து அவர் அண்டாவைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். கதவைப் பற்றி, இடைவெளியைப் பற்றி, பத்து மணிக்குப் போய்ப் பார்த்ததைப் பற்றி, சீட்டுகளைப் பற்றி, என் அறைதான் மாதவரத்தில் அவர்கள் இருந்த அறை என்பதைப் பற்றி. அவர் அண்டாவைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

"எங்கிட்டயும் சொன்னா" என்றார் கடைசியில். "கதவு சிக்குது, சிக்குதுன்னு. ரெண்டு தபா சொன்னா. சாயங்காலம் நா இழுத்துப் பாத்தேன், வெண்ணெ மாதிரி போவுது. இங்க இருக்கப் புடிக்காம சாக்கு சொல்றான்னு நெனச்சேன்."

"எனக்கும் அப்படித்தான் தோணுச்சு."

"நா புருஷன் மேடம். படிக்காதவன். நீங்க படிச்சவங்க."

கவிழ்த்திருந்த மூடியை எடுத்து மேடையில் வைத்தேன்.

"அப்போ அவ வெளிய வரப் பாத்திருக்கா."

"ஆமா."

"எவ்ளோ நேரம்?"

பொய் சொல்லியிருக்கலாம். ஐந்து நிமிடம், அதற்குள் மயக்கம் என்று. அதைத்தான் யாராயிருந்தாலும் சொல்வார்கள். "நாற்பத்தாறு தடவை தட்டியிருக்காங்க" என்றேன். "அதுவரைக்கும் எண்ண முடிஞ்சது."

அவர் அண்டாவைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனார். மதியச் சாப்பாட்டுக்கு வரவில்லை. நானும் நேற்று ஊரிலிருந்து வந்த நூர்ஜஹானின் மாமியாரும் சேர்ந்து சோறு வடித்தோம். குழைந்துவிட்டது.

மே 16

ஆய்வுக் குழுவுக்குக் கடிதம் அனுப்பினேன். வழக்கம்போலக் காலை பத்துக்கு வேண்டாம், மதியம் மூன்றுக்கு வாருங்கள் என்று. தாமோதரன் போனில் அரை மணி நேரம் கத்தினார். நன்றி கெட்டவள், பைத்தியக்காரி, சொந்தக் கூரையில் தானே கொள்ளி வைப்பவள். எல்லாம் கேட்டுக்கொண்டேன். இறுதியில் அழ ஆரம்பித்துவிட்டார். அவர் மகள் பெயரில்தான் தொழிற்சாலைப் பங்கு இருக்கிறது. எனக்கு அவர்மேல் கோபம் இல்லை.

முந்நூற்றுப் பன்னிரண்டு குடும்பத்தையும் நினைத்துக்கொண்டேன். இடைவெளியைப் பன்னிரண்டாக்கி, ரப்பரை மாற்றி, எல்லாக் கதவையும் வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றினால் ஒரு வருடம் தள்ளும். அவர்களுக்கு அந்த ஒரு வருடம் சும்மா இல்லை. இன்னொரு மழைக்காலம். என்னை வாயாரத் திட்டுவார்கள். திட்டட்டும்.

மே 19

மூன்று பேர் வந்தார்கள். தலைவர் ஓய்வுபெற்ற பொறியாளர், அறுபதைத் தாண்டிய அம்மாள். குடையைப் பிடித்துக்கொண்டு மூன்று மாடி ஏறி வந்ததும், "மதியம் வரச் சொன்ன முதல் ஆள் நீங்கதாம்மா" என்றார்.

நான் உள்ளே போய்க் கதவை மூடிக்கொள்வதாக ஏற்பாடு. கடப்பாரையோடு தச்சர் தயாராக நின்றார். அப்போதுதான் மணவாளன் படியேறி வந்தார். ஐந்து நாளாக அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சட்டையெல்லாம் வெளுப்பாக, பேருந்து ஓட்டிய காலத்தைப் போல இஸ்திரி போட்டிருந்தார்.

"நா உள்ள இருக்கேன்" என்றார்.

வேண்டாம் என்றேன். அவர் என்னைத் தாண்டி உள்ளே போய்க் கதவை இழுத்து மூடிக்கொண்டார்.

பத்து நிமிடம் நின்றோம். வெயில் நடையில் முழங்கால்வரை ஏறியிருந்தது. தலைவர் அம்மாள் கதவில் காதை வைத்துப் பார்த்தார். "சத்தமே இல்லையே. தட்டச் சொல்லியிருக்கீங்களா?" என்றார். சொல்லியிருக்கிறேன் என்றேன். நான் சொல்லவில்லை. அவர் தட்டிக்கொண்டிருப்பார் என்றுதான் நினைத்தேன். நான் வரைந்த சுவருக்கு இந்தப் பக்கம் அந்த நேரத்தில் நின்றது அதுதான் முதல் தடவை. உண்மையிலேயே ஒன்றுமே கேட்கவில்லை. அவ்வளவு நல்ல சுவர்.

தலைவர் இழுத்தார், நகரவில்லை. மற்ற இருவரும் இழுத்தார்கள், நகரவில்லை. கடப்பாரையால் நெம்ப நான்கு நிமிடம் பிடித்தது.

மணவாளன் கதவுக்குப் பக்கத்தில் கீழே உட்கார்ந்திருந்தார். வேர்வையில் நனைந்திருந்தார். முகம் கலங்கவில்லை.

"வெளியேர்ந்து நீங்க யாராச்சும் தட்டுனீங்களா?" என்று கேட்டார்.

யாரும் தட்டவில்லை என்றார் தலைவர். தட்டினாலும் கேட்காதே என்று நான் சொன்னேன்.

மணவாளன் தலையாட்டிக்கொண்டார். "நானும் தட்டல" என்றார். படியிறங்கிப் போனார்.

'குடியிருக்கத் தகுதியற்றது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மாதவரத்தைப் பற்றித் தனியாக ஆறு பக்கம் எழுதிக் கொடுத்தேன். என் உரிமத்தைப் பற்றி முடிவு செய்ய ஒரு மாதம் ஆகுமாம்.

மே 20

ஆறு பக்கத்திலும் ஒன்றை எழுதவில்லை. மணவாளனிடமும் சொல்லவில்லை. இந்த நாட்குறிப்பிலும் எழுதவில்லை. சீட்டு மூன்று அல்ல, நான்கு.

நான்காவதை அம்சவல்லி இறந்த அன்று காலை பெட்டியில் போட்டிருக்கிறார். பத்தரை மணிக்கு நான்தான் எடுத்தேன். மறுநாள் அது விசாரணைக் கோப்பில் போய்ச் சேரவில்லை. ஒரு வருடமாக என் கைப்பையின் உள்ஜிப்பில் இருக்கிறது. எரித்துவிட எத்தனையோ தடவை எடுத்தேன். ஏன் எரிக்கவில்லை என்று தெரியவில்லை. நல்லவள் என்பதால் இல்லை.

இன்று காலை படி எடுத்துக் குழுத் தலைவருக்கு அனுப்பிவிட்டு, அசலை எடுத்துக்கொண்டு கீழே போனேன். மணவாளன் அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். சீட்டை நீட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். எழுத்தைப் பார்த்ததுமே யாருடையது என்று தெரிந்துவிட்டது.

"இது எப்ப எழுதுனது?"

"அன்னைக்குக் காலைல. ஒன்பதே முக்காலுக்கு. நேரம் போட்டிருக்காங்க. நீங்க சண்டை போட்டுட்டுப் போன பிறகு."

அவர் எழுத்துக்கூட்டி வாசிக்கிறவர். வாயைவிட்டுத்தான் வாசிப்பார்.

"அய்யா, அம்மா, கதவு நேற்றும் மதியம் மாட்டிக்கொண்டது. காலையில் வந்தால் தெரியாது. தயவுசெய்து இன்று மூன்று மணிக்கு வந்து பாருங்கள். இது ஒன்றைச் சரி பண்ணிக் கொடுத்தால் போதும். எங்களுக்கு வேறு குறை இல்லை. என் வீட்டுக்காரருக்கு இந்த இடம் ரொம்பப் பிடித்திருக்கிறது. நாங்கள் இங்கேயே இருந்துவிடுவோம்."

முடித்ததும் கடைசி இரண்டு வரிகளை மறுபடி வாசித்தார். அடுப்பில் எண்ணெய் புகைந்துகொண்டிருந்தது. நான் போய் அணைத்தேன். அவர் அழவில்லை. அழுவார் என்று நான் எதிர்பார்த்துக்கொண்டு நின்றேன், அழுதால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருக்கும் என்று.

சீட்டின் கீழே, 'பார்வையிடும் நேரம்' என்ற கட்டத்தில், நீல மையில் நான் எழுதிய ஒரு வரி இருக்கிறது. அதற்கும் கீழே நான் போட்ட ஒப்பம். அவர் சீட்டை வெளிச்சத்துப் பக்கம் திருப்பிப் பிடித்து, ஒவ்வோர் எழுத்தாக, அதையும் வாசித்தார்.

"நாளை காலை பத்து மணி."